எத்தனை அங்குலம் என்று கேட்பதற்கு முன்: எஸ்யூவிக்கு லிஃப்ட் கிட் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரில் ஒரு ஃபார்ச்சூனரோ பஜேரோ ஸ்போர்ட்டோ எவரெஸ்டோ வாங்கியவரை, தவணை கட்டத் தொடங்கிய சில மாதங்களுக்குள் ஓர் ஆசை பிடித்துக்கொள்கிறது: வண்டியைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும். மாமாக் கடையில் தே தாரேக் ஆறுவதற்குள் பக்கத்து மேசையிலிருந்து ஆலோசனைகள் வந்துவிடும். இரண்டு அங்குலம் போதும் என்பார் ஒருவர். போடுவதுதான் போடுகிறீர்கள், நான்காகப் போட்டுவிடுங்கள் என்பார் இன்னொருவர். எந்த ஸ்பிரிங், அதன் துள்ளலை அடக்க எந்த அப்சார்பர், பொருத்தப் போவது யார் என்ற பேச்சே எழாது.

முதல் முறையாக லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங், அப்சார்பர் தொகுப்பு) வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கட்சி இதுதான்: முதலில் போட வேண்டியது எடைக் கணக்கு, உயரம் அந்தக் கணக்கின் கடைசி வரியில் தானாக வந்து நிற்கும். எத்தனை அங்குலம் வேண்டும் என்று முதல் கேள்வியாகக் கேட்கும் பட்டறையைவிட, வண்டியில் என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்கும் பட்டறையை நம்பலாம்.

எதற்காகத் தூக்குகிறீர்கள்?

பொதுவாக மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. பார்க்கக் கம்பீரமாக இருக்கும் என்பது ஒன்று. காட்டுப் பாதை, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலை, ஆற்றோர முகாம் என்று போவதற்காக என்பது இரண்டாவது. மூன்றாவது, வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்தவர்கள் அந்தக் காரணத்தைச் சொல்லும்போது யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஆனால் வெள்ளத்துக்காகத் தூக்குகிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 50 மில்லிமீட்டர் உயர்த்திய வண்டி, முன்பு தாங்கியதைவிட 50 மில்லிமீட்டர் கூடுதல் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். இன்ஜின் காற்றை இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது, கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) ஆகியவற்றின் மூச்சுக்குழாய் எந்த உயரத்தில் முடிகிறது என்பவைதான் ஆழத்தைத் தீர்மானிக்கின்றன. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளம்தான் கவலை என்றால் அந்தக் குழாயை மேலே நீட்டுவது லிஃப்டைவிட மலிவான, உடனடியான வேலை.

கம்பீரத்துக்காக என்றால் அதிலும் தவறில்லை. ஆனால் கம்பீரத்துக்கு 40 மில்லிமீட்டரே தாராளம்.

உங்கள் வண்டி எந்த வகை?

பெரியதாகத் தெரிவதெல்லாம் ஒரே இனம் அல்ல. ஃபார்ச்சூனர், பஜேரோ ஸ்போர்ட், எம்யூ-எக்ஸ், எவரெஸ்ட், பிராடோ, லேண்ட் குரூசர் ஆகியவை தனிச் சட்டகத்தின் மேல் உடல் வைத்துக் கட்டப்பட்டவை. இவற்றுக்குத்தான் சந்தையில் ஒழுங்கான கிட்கள் கிடைக்கின்றன. புரோட்டோன் எக்ஸ்70, எக்ஸ்90, ஹோண்டா சிஆர்-வி போன்றவற்றில் உடலும் சட்டகமும் ஒன்றே. அவற்றைத் தூக்க விற்கப்படுவது பெரும்பாலும் ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் ஒரு கட்டைதான். அந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை: நல்ல டயர் மாற்றிவிட்டு அந்த ஆசையை அதோடு விட்டுவிடுங்கள். காற்றுப் பை சஸ்பென்ஷன் உள்ள ஐரோப்பிய வண்டிகள் இந்தக் கட்டுரைக்கு வெளியே.

சட்டக வண்டிகளிலும் முன்பக்கம் ஒரு கதை, பின்பக்கம் வேறு கதை. முன்னால் இரு சக்கரமும் தனித்தனியே ஆடும் அமைப்பு. பின்னால் குறுக்கே ஒரே அச்சு. ஃபார்ச்சூனரில் பின்புறம் சுருள் ஸ்பிரிங். அதன் சகோதரனான ஹைலக்ஸில் பட்டை ஸ்பிரிங். இரண்டும் ஒரே குடும்பம் என்று ஹைலக்ஸுக்கான பின்பக்கக் கிட்டை ஃபார்ச்சூனருக்கு வாங்கி விழிப்பவர்கள் உண்டு. பிராடோ 150, லேண்ட் குரூசர் 200 ஆகியவற்றில் கேடிஎஸ்எஸ் எனப்படும் ஹைட்ராலிக் சாய்வுத் தடுப்பு இருக்கக்கூடும். அது இருந்தால் அதற்கென்றே குறிக்கப்பட்ட கிட் வேண்டும். வாங்குவதற்கு முன் மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் ஆண்டு, இன்ஜின், எத்தனை இருக்கை என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

லிஃப்ட் எதை உயர்த்தும், எதை உயர்த்தாது

பின் அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டைதான் காட்டுப் பாதையில் கல்லில் இடிக்கும் பகுதி. ஸ்பிரிங்கை எவ்வளவு உயரமாக மாற்றினாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது, ஏனென்றால் அந்த அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். லிஃப்ட் உயர்த்துவது உடலையும் சட்டகத்தையும். பள்ளத்தில் இறங்கும்போது முன் பம்பரும், ஏறும்போது பின் பம்பரும் தரையில் உரசாது. நடு வயிறு மேட்டில் உட்காராது. அந்த லாபம் உண்மையானது.

டயர் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். 265/65 ஆர்17 டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீட்டர். 265/70 ஆர்17 போட்டால் 803. விட்டத்தில் 27 மில்லிமீட்டர் கூடினாலும் டிஃபரன்ஷியல் உயர்வது அதில் பாதி, அதாவது 13 மில்லிமீட்டர்தான். கூடவே ஸ்பீடோமீட்டர் 3.4 விழுக்காடு குறைத்துக் காட்டத் தொடங்கும். பெரும்பாலான வண்டிகளில் ஆலையிலேயே முள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படி வைத்திருப்பதால் இந்த வேறுபாடு ஓரளவு சரியாகிவிடும். ஆனாலும் வேகக் கேமராவுக்கு முன்னால் அதை நம்ப வேண்டாம். ஜிபிஎஸ் வேகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். 285/70 ஆர்17 என்றால் 831 மில்லிமீட்டர். அந்த அளவில் முன் சக்கர வளைவுக்குள் உரசல், பம்பர் வெட்டு, சட்டகத்தில் இடிப்பு என்று வேறு கதை ஆரம்பமாகிறது. சக்கர வளைவுக்கு வெளியே டயர் பிதுங்கி நின்றால் போக்குவரத்து அதிகாரி நிறுத்துவதற்கு அதுவே போதும்.

உயரத்தை முடிவு செய்வதற்கு முன் உங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிட வாசலில் தொங்கும் மஞ்சள் கம்பியைப் பாருங்கள். நகரில் பல இடங்களில் அது 2.0 அல்லது 2.1 மீட்டர். ஃபார்ச்சூனரின் உயரம் 1,835 மில்லிமீட்டர். லிஃப்ட் 50, டயர் 13 என்று கூட்டினால் 1,898. கூரையில் ரேக் வைத்து அதன் மேல் ஒரு பெட்டியைக் கட்டினால் இரண்டு மீட்டரைத் தொட்டுவிடும். கூரைக் கூடாரம் வைத்தால் அடித்தளத்தில் நிறுத்துவதையே மறந்துவிடலாம். வீட்டில் முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருந்தால் அதையும் சேர்த்து யோசியுங்கள். சேலை கட்டிய பாட்டி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குப் போகும் வண்டி அது என்றால், லிஃப்ட் கிட்டோடு ஒரு பக்கப் படியும் வாங்க வேண்டியிருக்கும்.

எடைக் கணக்கு

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் எப்போதும் கூடவே இருக்கப் போகும் எடை ஒரு பத்தியில். எப்போதாவது ஏறும் எடை இன்னொரு பத்தியில்.

இரும்பு முன் பம்பர், சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் வின்ச், இரண்டாவது பேட்டரி, பின்புற இழுப்பறை, கூரை ரேக், கூடாரம் ஆகியவை எப்போதும் இருப்பவை. இரும்பு பம்பர் 40 கிலோவுக்குக் குறையாது. வின்ச்சும் எஃகுக் கயிறும் சேர்ந்தால் இன்னும் 30 கிலோவுக்கு மேல். இவை இரண்டும் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குவதால் ஸ்பிரிங்குக்கு அவற்றின் சுமை தராசு காட்டுவதைவிட அதிகமாகவே தெரியும். எஃகுக் கயிற்றுக்குப் பதில் நார்க் கயிறு போட்டாலே சில கிலோ குறைந்துவிடும்.

இரண்டாவது பத்தியில் வருவது தீபாவளிக்கு ஊருக்குப் போகும் குடும்பம். ஏழு பேர், பெட்டிகள், பலகாரத் தூக்குகள் எல்லாம் சேர்ந்து 500 கிலோவைத் தாண்டலாம். ஆனால் வருடத்தில் மீதி நாட்களில் அந்த வண்டியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருப்பார்.

ஏற்றும் எடைக்குத் தகுந்தபடி ஸ்பிரிங்கைப் பல தரமாகப் பிரித்துத்தான் நிறுவனங்கள் விற்கின்றன: ஆலையிலிருந்து வந்தபடியே உள்ள வண்டிக்கு ஒன்று, நடுத்தர நிரந்தரச் சுமைக்கு ஒன்று, கனத்த நிரந்தரச் சுமைக்கு ஒன்று என்று. இங்கே ‘நிரந்தர’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். எப்போதாவது ஏறும் சுமைக்காகக் கனத்த ஸ்பிரிங் போட்டால், காலி வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் துள்ளும். பின் இருக்கையில் இருப்பவர்கள் தலையைப் பிடித்துக்கொள்வார்கள். லிஃப்ட் போட்டதும் வண்டி மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது என்று அலுத்துக்கொள்பவர்களின் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். தவறு கிட்டில் இல்லை. காலி வண்டிக்குக் கனத்த ஸ்பிரிங் போட்டதில்தான். குடும்ப வண்டிக்கு என் தேர்வு: முன்னால் பம்பருக்கு ஏற்றது, பின்னால் இலேசானது அல்லது நடுத்தரம். தீபாவளி சுமைக்குப் பின் சுருளுக்குள் பொருத்தும் காற்றுப் பையை நிரப்பிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். கனத்த ஸ்பிரிங் போட்டதால் வண்டி சட்டப்படி தாங்கக்கூடிய மொத்த எடை கூடிவிடாது. பிரேக், அச்சு, சட்டகம் எல்லாம் பழையவைதான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

மலிவான வழி, முன் ஸ்பிரிங் கூட்டின் தலையில் வைக்கும் வட்டக் கட்டை. தனித்தாடும் முன் சஸ்பென்ஷனில் 25 மில்லிமீட்டர் கட்டை சக்கரத்தில் ஏறத்தாழ 50 மில்லிமீட்டராகத் தெரியும், ஏனென்றால் சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் கையின் நடுவில்தான் அப்சார்பர் பிடித்திருக்கிறது. பழைய அப்சார்பர், பழைய ஸ்பிரிங் அப்படியே இருக்க உயரம் மட்டும் கிடைக்கும். புகைப்படத்தில் ஒழுங்கான கிட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கும்போது, அப்சார்பர் நிறுத்துவதற்குமுன் மேல் கையைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட் எனும் மூட்டு தன் எல்லையில் போய் இடிக்கும். நகரத்துக்குள்ளேயே இருக்கும் வண்டிக்கு இது ஒருவாறு ஓடும். காட்டுக்குப் போகிறவர்கள் தவிர்ப்பது நல்லது. உடலுக்கும் சட்டகத்துக்கும் நடுவே கட்டை வைக்கும் பாடி லிஃப்டை நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஒழுங்கான கிட் என்றால் நான்கு ஸ்பிரிங்கும் நான்கு அப்சார்பரும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஒரே இடத்தில் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன், டஃப் டாக், டாபின்சன்ஸ், தாய்லாந்தின் புரோஃபெண்டர், ஜெர்மனியின் பில்ஸ்டீன், அமெரிக்காவின் ஃபாக்ஸ் ஆகிய பெயர்களைப் பட்டறைச் சுவர்களில் பார்ப்பீர்கள். எது சிறந்தது என்ற சண்டைக்கு முடிவில்லை. நான் பார்ப்பது வேறு: அப்சார்பரில் ஒன்று ஒழுகினால் அந்த ஒன்றை மட்டும் உள்ளூரில் மாற்றித் தர விநியோகஸ்தர் இருக்கிறாரா? இல்லையென்றால் எவ்வளவு புகழ்பெற்ற பெயராக இருந்தாலும் ஒரு மாதம் வண்டி நிற்கும்.

அப்சார்பரில் இரண்டு குடும்பங்கள். இரட்டைக் குழாய் வகை மென்மையானது. வெளிக்குழாயில் கல் பட்டு நசுங்கினாலும் உள்ளே வேலை நடக்கும். ஆனால் குண்டும் குழியுமான செம்மண் சாலையில் வெகுதூரம் ஓடினால் எண்ணெய் சூடாகி நுரைத்து, பிடிமானம் குறையும். ஒற்றைக் குழாய் வகையில் உயர் அழுத்த நைட்ரஜன் எண்ணெயிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருப்பதால் நுரைப்பது குறைவு. வெப்பமும் வேகமாக வெளியேறும். அதன் பலவீனம் வெளிக்குழாய்: அதில் விழும் ஒரு ஆழமான பள்ளம் பிஸ்டனைப் பிடித்துவிடும். வாரத்தில் ஆறு நாள் நகரம், எப்போதாவது ஜண்டா பாயிக் அல்லது உலு லங்காட் என்று போகிறவருக்கு இரட்டைக் குழாயே போதும். தனி எண்ணெய்க் குப்பி தொங்கும் விலை உயர்ந்த வகை, பேராக்கின் கிரீக் பக்கத்துக் காடுகளில் நாள் கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கு.

முன்பக்கம் 40 முதல் 50 மில்லிமீட்டருக்குள் இருக்கும்வரை மேல் கையை மாற்றாமல் சமாளிக்கலாம். அதைத் தாண்டினால் மூன்று தொல்லைகள் சேர்ந்து வரும். முன் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் சி.வி. ஜாயின்ட் எனும் மூட்டு அதிகக் கோணத்தில் சுழன்று அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். மேல் பால் ஜாயின்ட் தன் எல்லைக்கு அருகில் வேலை செய்யும். காஸ்டர் கோணம், அதாவது ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு, குறைந்து, ஸ்டியரிங் வளைவிலிருந்து தானாக நேருக்குத் திரும்பச் சோம்பும். மூன்றாவதை ஓட்டுநர் முதல் நாளே உணர்வார்: 110 கிலோமீட்டர் வேகத்தில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு லாரியைக் கடக்கும்போது வண்டி அலையும். நான்கு அங்குல லிஃப்ட் கேட்கிறவர் மேல் கை, டிஃபரன்ஷியலை இறக்கும் கட்டை, பிரேக் ஹோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவைக்க வேண்டும்.

பின்னால் ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளில் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் ஒரு நீண்ட கம்பி உண்டு. உயர்த்தும்போது அது தன் வளைவில் நகர்ந்து முழு அச்சையும் சில மில்லிமீட்டர் ஒரு பக்கம் தள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு டயர் கொஞ்சம் வெளியே நிற்கும். 50 மில்லிமீட்டர்வரை பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. கண் உறுத்துகிறவர்கள் நீளம் மாற்றக்கூடிய கம்பி வாங்கலாம். பழைய ஹைலக்ஸ் போன்றவற்றில் சுமைக்கு ஏற்பப் பின் பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு ஒன்று அச்சோடு இணைந்திருக்கும். உயர்த்திய வண்டியை அது காலி வண்டி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதைச் சரி செய்வீர்களா என்று பட்டறையில் கேட்டுப் பாருங்கள். கிடைக்கும் பதிலில் பட்டறையின் தரமும் தெரிந்துவிடும்.

ஜேபிஜே, காப்புறுதி, உத்தரவாதம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959-ஆம் ஆண்டு மோட்டார் வாகனக் கட்டுமான, பயன்பாட்டு விதிகளும் வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகின்றன. எல்லோரும் போடுகிறார்கள் என்று பட்டறைக்காரர் சொல்வது அனுமதி ஆகாது. கிட்டின் விவரத்தாளை எடுத்துக்கொண்டு சாலைப் போக்குவரத்து இலாகா (ஜேபிஜே) அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள். இரும்பு பம்பர் போடுவதாக இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், டிரைவ் ஷாஃப்ட் தொடர்பான கோரிக்கைகளில் விற்பனையாளர் லிஃப்டைக் காரணம் காட்ட வாய்ப்புண்டு. அதற்கும் தயாராக இருங்கள்.

பட்டறையைத் தேர்ந்தெடுப்பது

கிள்ளான் பள்ளத்தாக்கில் சுங்கை பூலோ, ஷா ஆலம், பூச்சோங் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கென்றே உள்ள பட்டறைகளைத் தேடலாம். பினாங்குக்காரர்கள் தீவோடு நிற்காமல் பாலத்தைத் தாண்டி பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கமும் பார்த்து வரலாம். இணையக் கடையில் கிட்டை மலிவாக வாங்கி, பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் பொருத்தக் கொடுப்பது லாபம்போலத் தெரியும். ஏதாவது சத்தம் வந்தால் பொருள் சரியில்லை என்பார் மெக்கானிக். பொருத்தியது சரியில்லை என்பார் விற்றவர். நடுவில் நீங்கள் நிற்பீர்கள். பொருளும் வேலையும் ஒரே இடத்தில் இருப்பதற்காகக் கொஞ்சம் கூடுதல் வெள்ளி கொடுக்கலாம். பழைய ஜப்பான் உதிரிபாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடைகளில் இன்ஜின் வாங்குங்கள், கியர்பாக்ஸ் வாங்குங்கள், அப்சார்பர் வேண்டாம்.

முதல் முறை போகும்போது வண்டியைக் கொடுக்காதீர்கள். சும்மா பார்த்துவிட்டு வாருங்கள். முடிந்தால் சனிக்கிழமை காலை போங்கள், வேலை நடந்துகொண்டிருக்கும். கவனிக்க வேண்டியவை இவை: ஸ்பிரிங்கைச் சுருக்கும் கருவி சுவரில் பொருத்தியதா, அல்லது இரண்டு கொக்கி போல்ட்டா? சுருக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும். அதில் சிக்கனம் பார்க்கும் இடத்தில் மற்றதிலும் சிக்கனம் இருக்கும். போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்ச் கண்ணில் படுகிறதா, அல்லது எல்லாவற்றுக்கும் காற்றுத் துப்பாக்கிதானா? சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் இயந்திரம் உள்ளேயே இருக்கிறதா, வெளியே அனுப்புகிறார்களா? வெளியே அனுப்புவதில் குறையில்லை, உயர்த்திய வண்டிகளைச் செய்து பழகிய இடமாக இருந்தால்.

பிறகு முதலாளியிடம் பேசுங்கள். உங்கள் வண்டி மாடலுக்கு முன்பே செய்திருக்கிறாரா, செய்தவர்களில் ஒருவரோடு பேச முடியுமா என்று கேளுங்கள். விலைச்சீட்டில் ஸ்பிரிங்கின் பாக எண், அப்சார்பரின் பாக எண், கூலி, அலைன்மென்ட், ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு மறுசோதனை எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். ‘முழு செட், பொருத்தி’ என்று ஒரே வரியில் ஒரு தொகை எழுதித் தந்தால், தயவுசெய்து பிரித்து எழுதுங்கள் அண்ணா என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளித்தால், வேறு பட்டறை பாருங்கள்.

பொருத்தும் நாள்

அனுபவமுள்ள பட்டறைக்கு இது ஒரு நாள் வேலை. காலையில் எரிபொருள் தொட்டியை நிரப்பிக்கொண்டு போங்கள். சமதரையில் நிறுத்தி, நான்கு மூலையிலும் சக்கர மையத்திலிருந்து நேர் மேலே உடல் விளிம்புவரை டேப்பால் அளந்து எழுதுங்கள். இந்த நான்கு எண்கள்தான் பிறகு எல்லா வாக்குவாதத்தையும் தீர்க்கும். டயரின் அடியிலிருந்து அளக்கக் கூடாது. காற்று குறைந்தாலே அளவு மாறிவிடும்.

சில கிட்களில் வலது, இடது ஸ்பிரிங் ஒன்றல்ல. ஓட்டுநரும் ஸ்டியரிங்கும் ஒரு பக்கம் கூடுதலாக அழுத்துவதால் அந்தப் பக்கச் சுருள் சற்று உயரமாக இருக்கும். ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்காமல் மாற்றிப் போட்டால் வண்டி ஒரு தோள் சரிந்து நிற்கும். மெக்கானிக் பெட்டியைப் பிரிக்கும்போதே சீட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

இனி, பலர் தவறவிடும் இடம். கைகளின் உள்முனையில் ரப்பர் புஷ் இருக்கிறது. அதன் நடுவில் ஓர் உலோகக் குழல்; போல்ட்டை இறுக்கும்போது அந்தக் குழல் சட்டகத்தோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு கை மேலும் கீழும் ஆடும்போது போல்ட் சுழலாது, ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். வண்டி தூக்கியில் தொங்க, சக்கரங்கள் கீழே விழுந்த நிலையில் அந்த போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கிய கணத்திலேயே ரப்பர் முறுகிய நிலைக்குப் போய்விடும். நிற்கும்போதுகூட அது முறுகியே இருக்கும். சில மாதங்களில் கிழிந்து ‘கிறீச்’ என்று சத்தம் தரும். ஆகவே தொங்கும் நிலையில் போல்ட்டைக் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் போட்டு, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கிய பிறகு, குழிக்குள்ளோ நான்கு தூண் தூக்கியிலோ கடைசி இறுக்கத்தைச் செய்ய வேண்டும். புஷ் போல்ட்டை எப்போது இறுக்குவீர்கள் என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள். ‘கீழே இறக்கிய பிறகு’ என்ற பதில் உடனே வந்தால் அந்தப் பட்டறையில் நிம்மதியாக உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்.

வேலை முடிந்ததும் சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பச் சொல்லி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகின்றனவா என்று பாருங்கள். அலைன்மென்ட் முடிந்து வரும் அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் டோ, கேம்பர் ஆகிய சக்கரக் கோணங்கள் மட்டும் பச்சையாக இருந்தால் போதாது. காஸ்டர் இரு பக்கமும் வரம்புக்குள், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். முகப்பு விளக்கைக் கீழே இறக்கச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் இரவில் எதிரே சிறிய மைவி காரில் வருபவர் உங்களைத் திட்டுவார், அதில் நியாயமும் இருக்கும். கண்ணாடியில் கேமராவும் முன் கிரில்லில் ரேடாரும் வைத்துத் தானாகப் பிரேக் போடும் புதிய வண்டி என்றால், அவற்றையும் மறுபடி அளவு திருத்த வேண்டும். அது பெரும்பாலும் நிறுவன சேவை மையத்து வேலை.

பிறகு

அன்றே ஓட்டிப் பாருங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குக் காராக் நெடுஞ்சாலை வளைவுகள் நல்ல பரீட்சை: வளைவிலிருந்து வெளியே வரும்போது ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறதா? பினாங்கில் பாலமே போதும். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பாலத்தின் இணைப்புகளில் சீரான வேகத்தில் போகும்போது வண்டி ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும்; இரண்டு, மூன்று முறை ஆடினால் அப்சார்பருக்கும் ஸ்பிரிங்குக்கும் பொருத்தம் இல்லை. கடல் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது முன்பைவிடக் கூடுதலாகச் சாயும். உயரம் கூடியதற்கான விலை அது. வேகத்தைக் குறைத்துப் பழகிக்கொள்ளுங்கள். திடீரென்று ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பும் பழக்கம் உள்ளவர்கள் அதை இப்போதே விட்டுவிட வேண்டும்.

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் உட்காரும். அது இயல்பு. அப்போது பட்டறைக்குத் திரும்பிப் போய் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கி, அலைன்மென்ட்டை மறுபடி பார்த்து, நான்கு மூலையையும் மறுபடி அளக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் மற்றதைவிட அதிகமாக இறங்கியிருந்தால் ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காரவில்லை என்று பொருள். அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அப்சார்பர் தண்டில் மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரிந்தால் கவலை வேண்டாம். சொட்டினால் உத்தரவாதத்தைக் கேளுங்கள். சேற்றிலும் கடற்கரை மணலிலும் ஓடிவிட்டு வந்தால் அடிப்பகுதியை அன்றே கழுவுங்கள்.

கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் அப்சார்பரையும் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ‘இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்’ என்று கேட்பார்கள். எண்ணெய் தடவி, நெகிழியில் சுற்றி, எது எந்த மூலையிலிருந்து வந்தது என்று எழுதி ஸ்டோரில் போட்டு வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் உரிமை மாற்றத்துக்காகப் புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை மையத்துக்குப் போக வேண்டியிருக்கும். வாங்குகிறவரும் வண்டி வந்தபடியே வேண்டும் என்று கேட்கக்கூடும்.